மருந்துச் சீட்டில் எழுத முடியாதவை

முடக்குவாதம் என்று உறுதியானவர் மருந்துக்கடையிலிருந்து முதல்முறை வாங்கிவரும் பையில் அநேகமாக இரண்டு வகை மஞ்சள் மாத்திரைகள் இருக்கும். இரண்டுமே பொடி அளவு. ஒன்று மெத்தோட்ரெக்சேட். மற்றது ஃபோலிக் அமிலம். முதலாவதை வாரத்தில் ஒரே ஒரு நாள், மருத்துவர் சொன்ன எண்ணிக்கையில் விழுங்க வேண்டும். இரண்டாவதை வேறு நாட்களில், அவர் சொன்ன கணக்கில். இரண்டும் இடம் மாறி, மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட ஆரம்பித்தால் ஒரு வாரம் பத்து நாளில் வாயெல்லாம் புண்ணாகும். எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது குறையும். உயிரே போகலாம், பல நாடுகளில் போயிருக்கிறது. இந்த ஒரு தவறைத் தடுப்பதற்காகவே 2019-இல் ஐரோப்பிய மருந்துகள் முகமை தனி நெறிமுறைகளைக் கொண்டுவந்தது. மாத்திரைகளை டப்பாவில் கொட்டித் தராமல் அட்டையில்தான் தர வேண்டும், வாரம் ஒருமுறை என்ற எச்சரிக்கை பெட்டியின் மேலேயே தெரிய வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு.

இவ்வளவு கவனம் கேட்கும் இந்த மருந்துதான் உலகம் முழுவதும் முடக்குவாதச் சிகிச்சையின் அச்சாணி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்ரகடா சுப்பாராவ், 1940-களில் லெடர்லே ஆய்வகத்தில் நடத்திய ஃபோலிக் அமில ஆராய்ச்சியின் வழியில் வந்தது அது. முதலில் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. மூட்டுகளுக்கு அது உதவும் என்ற குறிப்பு 1951-லேயே வெளிவந்தும், அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைக்க 1988 ஆகிவிட்டது. புற்றுநோய்க்குத் தரும் அளவில் மிகச் சிறு பங்குதான் மூட்டுக்குத் தேவை. ஆனாலும் கூகுளில் பெயரைத் தட்டிப் பார்க்கும் மகனோ மகளோ, “அம்மாவுக்கு கேன்சர் மாத்திரை கொடுத்திருக்காங்க” என்று பதறுகிறார்கள். அந்தப் பதற்றத்துக்கு யாரும் பதில் சொல்லாவிட்டால், மாத்திரை அட்டை அப்படியே அலமாரியில் கிடக்கும்.

முடக்குவாதத்தில் மருந்தைக் கண்டுபிடிப்பதோடு சிகிச்சை முடிவதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். நோயாளிக்குத் தெரிய வேண்டியதும், நோயாளிக்கு மட்டுமே தெரிந்ததும் சேர்ந்தால்தான் மருந்து வேலை செய்யும். மருத்துவ உலகம் முதல் பாதியைப் புரிந்துகொள்ளவே நெடுங்காலம் பிடித்தது. இரண்டாம் பாதியை அது கற்றுக்கொண்டது இந்த நூற்றாண்டில்தான்.

முதலில் நோயைச் சற்று பார்த்துவிடுவோம். வயதாகி முழங்கால் தேய்வது வேறு, இது வேறு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், மூட்டின் உட்புறம் பட்டுப்போல் படர்ந்திருக்கும் சவ்வையே எதிரியாகக் கருதித் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. நூறு பேரில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ வருகிறது. ஆண்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு. விரல்களின் அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி என்று சின்ன மூட்டுகளில், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒருசேரத் தொடங்கும். நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவைப் பெரும்பாலும் விட்டுவிடும். அனுபவமுள்ள மருத்துவர் நோயாளியின் கையைப் பிடித்து ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்ப்பது இதற்குத்தான்.

காலை விறைப்பு இந்த நோயின் கையெழுத்து. எழுந்ததும் விரல்கள் மடங்காது. குழாயைத் திருக முடியாது, ரவிக்கைக் கொக்கி போட முடியாது, பால் பாக்கெட்டைக் கத்தரிக்க முடியாது. வெயில் ஏற ஏறத் தளரும். தேய்மானத்தில் வரும் விறைப்பு அரை மணிக்குள் போய்விடும். இதில் ஒரு மணி நேரம், சிலருக்கு மதியம் வரையிலும்கூட நீளும். வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற வேதித் தூதர்கள் அதிகாலையில் உச்சத்தைத் தொடுவது இதற்கு ஒரு காரணம். “காலையில எத்தனை நேரம் கை பிடிச்சுக்கிட்டு இருக்கு?” என்ற கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்லும் நோயாளி, மருத்துவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக்குச் சமமான தகவலைத் தருகிறார்.

ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ்’ என்ற தாளை வைத்துக்கொண்டு, மூட்டில் ஒரு வீக்கமும் இல்லாத ஆரோக்கியமான மனிதர்கள் கலங்குகிறார்கள். வயதானவர்களில் சிலருக்கு நோயே இல்லாமல் அது பாசிட்டிவாக இருக்கும். மறுபுறம், முடக்குவாதம் உள்ளவர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவரிடம் அது நெகட்டிவாகவே இருக்கும். தாள் நெகட்டிவ் என்று திருப்பி அனுப்பப்பட்டு, விரல்கள் கோணிய பிறகு வருபவர்களை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. தொடக்க மாதங்கள் அத்தனை மதிப்புள்ளவை. அறிகுறி தோன்றிய ஆறு வாரத்துக்குள் மூட்டுநோய் நிபுணரைப் பார்த்துவிட வேண்டும், மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்பது ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பு தரும் பரிந்துரை. அரிக்கப்பட்ட எலும்பைப் பழையபடி ஆக்கித் தரும் மருந்து இன்னும் இல்லை.

நோயாளி ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசின் போன்ற மருந்துகள் வேலை காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை உடம்பில் தெரிவதெல்லாம் குமட்டலும் வாய்க்கசப்பும்தான். வலி மாத்திரையோ ஒரு மணி நேரத்தில் சுகம் தரும். ஸ்டீராய்டு ஓரிரு நாளில் ஆளையே மாற்றிவிடும். எது நோயை அடக்குகிறதோ அது ஒன்றும் செய்யாததுபோல் தோன்றுகிறது. எது வலியை மட்டும் மறைக்கிறதோ அது அருமருந்தாகத் தோன்றுகிறது. ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைப்பதும் கூரையில் ஏறி ஓட்டை மாற்றுவதும் போன்ற வேறுபாடு இது. கூரை வேலை நடக்கும் நாட்களிலும் வீட்டுக்குள் நனையத்தான் செய்யும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், வாளியே போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஸ்டீராய்டின் மயக்கம் மருத்துவர்களையே ஆட்டிவைத்தது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், படுக்கையோடு முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குப் பின்னாளில் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற மருந்தை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து கடைவீதிக்கு நடந்தார். இரண்டே ஆண்டில், 1950-இல், ஹென்சுக்கும் இதே துறையில் ஆய்ந்த வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதன்பிறகுதான் முகம் உப்புவது, எலும்பு மெலிவது, சர்க்கரை ஏறுவது, கண்புரை விழுவது என்று விலை தெரியவந்தது. இன்றும் நிபுணர்கள் ஸ்டீராய்டைப் பயன்படுத்துகிறார்கள்: மெத்தோட்ரெக்சேட் பிடிக்கும்வரை, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு. நம் ஊரில் சிக்கல் வேறு வழியில் வருகிறது. பெயர் தெரியாத பொடியிலும், “ஒரு செட் மாத்திரை குடுங்க” என்று கேட்டு வாங்கும் காகிதப் பொட்டலத்திலும் அது ஒளிந்திருக்கலாம். மாதக்கணக்கில் அதை விழுங்கியவர் ஒருநாள் சட்டென்று நிறுத்தினால், உடல் தன் சொந்தச் சுரப்பை மறந்துவிட்டிருப்பதால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிச் சரியும் ஆபத்து உண்டு. எதை விழுங்குகிறோம் என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. பெயரில்லாத மாத்திரையை வாங்காதீர்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் போதுமா? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற செவிலியர் 1970-களின் இறுதியில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். மூட்டுநோய் உள்ளவர்கள் பத்துப் பதினைந்து பேர் வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம், ஆறு வாரம் கூடினார்கள். வகுப்பை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள், அவர்களில் பலர் அதே நோயோடு வாழ்பவர்கள். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவரும் தாமே ஒரு தீர்மானம் சொல்ல வேண்டும். ‘உடற்பயிற்சி செய்வேன்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஏற்க மாட்டார்கள். என்ன, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்று விவரமாகச் சொல்ல வேண்டும்: திங்கள், புதன், வெள்ளி, காலைச் சாப்பாட்டுக்கு முன், தெருமுனைவரை. பிறகு, இதைச் செய்துவிடுவேன் என்ற நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பார்கள். ஏழுக்குக் கீழே சொன்னால் தீர்மானத்தைச் சுருக்கச் சொல்வார்கள். தெருமுனை வேண்டாம், வாசல்வரை போதும். அடுத்த வாரம் வந்து, நடந்ததா இல்லையா என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். நடக்கவில்லை என்றால் தடுத்தது எது என்று குழுவே சேர்ந்து யோசிக்கும்.

1993-இல் வெளியான நான்காண்டுக் கணக்கு பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வகுப்புக்கு வந்தவர்களின் வலி சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவரிடம் ஓடுவது 40 சதவீதம் குறைந்திருந்தது. அதே காலத்தில் அவர்களின் உடல் இயலாமை 9 சதவீதம் கூடியிருந்தது என்பதுதான் இதில் முக்கியம். நோய் தன் பாட்டுக்கு நடந்திருக்கிறது, ஆனால் அவர்கள் குறைந்த வலியோடு, குறைவாக அலைந்திருக்கிறார்கள். அதற்கும் முன்பே, 1989-இல், லோரிக்கின் குழு இன்னொன்றைக் கண்டிருந்தது. அதிகம் உடற்பயிற்சி செய்தவர்தான் அதிகம் நலம் பெற்றிருப்பார் என்று எதிர்பார்த்தார்கள். கணக்கு அப்படிப் பொருந்தவில்லை. ‘இந்த நோயை என்னால் ஓரளவு கையாள முடியும்’ என்ற எண்ணம் யாருக்கு வளர்ந்திருந்ததோ அவர்களே தேறியிருந்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா சுயதிறன் நம்பிக்கை என்று பேசிவந்தது இதைத்தான். தெருமுனை வாசலாகச் சுருங்கினாலும் பரவாயில்லை, சொன்னது நடக்க வேண்டும் என்ற விதிக்குப் பின்னாலிருந்த தர்க்கமும் இதுவே.

உற்சாகத்தில் மிகைப்படுத்திவிடக் கூடாது. முடக்குவாதத்துக்கு மட்டுமான ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, நோயாளிக் கல்வியின் பயன் சிறியது, குறுகிய காலமே நீடிப்பது என்றது. வெறும் தகவல் கொடுத்த திட்டங்களில் அந்தப் பயனும் தெரியவில்லை. பழக்கத்தை மாற்றப் பயிற்சி தந்தவற்றில்தான் தெரிந்தது. என் பார்வையில் இது ஏமாற்றமான முடிவு இல்லை. வழுவழுப்பான தாளில் அச்சிட்ட துண்டறிக்கையைக் கையில் திணித்துவிட்டு, ‘நோயாளிக்கு விளக்கிவிட்டோம்’ என்று கோப்பில் குறித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு எதிரான வலுவான சான்று அது.

மருந்தைத் தொடர்வதும் இப்படித்தான். பிரிட்டிஷ் உளவியலாளர் ராப் ஹார்ன் காட்டியபடி, நோயாளி மனத்துக்குள் இரண்டு தட்டுகளை வைத்து நிறுக்கிறார்: இது எனக்கு எவ்வளவு அவசியம், இது எனக்கு என்ன கெடுதல் செய்யும். பயம் கனத்தால் மாத்திரை நின்றுபோகும். “மறந்துட்டேன் டாக்டர்” என்பார், மறந்திருக்க மாட்டார். ‘ஒழுங்கா போடுங்க’ என்ற அதட்டல் இரண்டு தட்டில் எதையும் அசைக்காது. ஈரல் கெட்டுப்போகுமோ என்று பயமா என்று கேட்டு, அதைக் கண்காணிக்கத்தான் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறையும் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் எடுக்கிறோம் என்று காட்டினால் அசையும். சொல்லி முடித்ததும், “வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்கன்னு எனக்கு ஒருதடவை சொல்லுங்கம்மா” என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. ‘தினமும் ராத்திரி’ என்ற பதில் அந்த அரை நிமிடத்தில் வெளிவந்தால் ஓர் உயிர் தப்பியது.

இனி எதிர்த்திசை: நோயாளியிடமிருந்து மருத்துவம் கற்றது. முடக்குவாத ஆய்வில் எதை அளக்க வேண்டும் என்று தீர்மானிக்க 1992 முதல் ‘ஒமராக்ட்’ என்ற பன்னாட்டுக் கூட்டம் நடந்துவருகிறது. வீங்கிய மூட்டுகள், வலிக்கும் மூட்டுகள், ரத்தத்தில் அழற்சியின் அளவு என்று நிபுணர்கள் பட்டியல் போட்டிருந்தார்கள். 2002-இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் கூடியபோது முதன்முறையாக நோயாளிகளும் சம பங்காளிகளாக அழைக்கப்பட்டார்கள். அவர்கள் எழுப்பியது பட்டியலிலேயே இல்லாத ஒன்றை: அசதி. வேலை செய்து களைத்த அசதி அன்று. தூங்கி எழுந்தாலும் போகாத, உடம்பு ஈயமாய்க் கனக்கும், பேச்சைத் தொடரக்கூடத் தெம்பில்லாமல் செய்யும் அசதி. பிரிட்டனின் பிரிஸ்டலில் சாரா ஹியூலெட் குழுவினர் நோயாளிகளிடம் நிதானமாகப் பேசி 2005-இல் எழுதியபோதும் அதுவே தெரிந்தது. அந்த அசதி ஆளை முழுக்க விழுங்குகிறது, கட்டுக்குள் வருவதில்லை, மருத்துவரிடம் சொன்னால் பொருட்படுத்தப்படுவதுமில்லை. பலர் சொல்வதையே நிறுத்தியிருந்தார்கள். 2006-இல் மால்டாவில் நடந்த கூட்டம், இனி முடக்குவாத மருந்து ஆய்வுகளில் இயன்றவரை அசதியையும் அளக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. அளக்கத் தொடங்கியதும் சிகிச்சையும் தேடப்பட்டது. செவிலியர்களும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளும் நடத்திய குழு வகுப்புகள் அசதியின் பாதிப்பைக் குறைத்ததையும், அது இரண்டு ஆண்டு கழித்தும் நீடித்ததையும் பிரிஸ்டல் குழு 2019-இல் வெளியிட்டது.

மால்டாவில் கூடியபோது, இந்த நோய்க்குப் பெயர் வைத்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு ஆகியிருந்தது. ஆல்ஃபிரட் கேரட் 1859-இலேயே பெயர் சூட்டிவிட்டார். நோயாளிகள் இத்தனை காலமும் அசதியோடுதான் வாழ்ந்திருக்கிறார்கள். கேட்கப்படவில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளில் இதற்கு இன்னொரு பெயரும் கிடைக்கிறது: சோம்பேறித்தனம். மாமியார் வாயிலிருந்தும் மேலதிகாரி வாயிலிருந்தும் அந்தச் சொல்லைக் கேட்ட பெண்களுக்கு, ‘இது உங்கள் நோயின் பகுதி’ என்ற ஒரு வாக்கியமே பெரிய ஆறுதல். நோயாளியோடு வரும் கணவரும் மகனும் அதைக் கேட்க வேண்டும். அதற்கு, கேள்வி கேட்டதும் நோயாளிக்கு முந்திக்கொண்டு அவர்கள் பதில் சொல்வது நிற்க வேண்டும்.

அளவுகோல்களில் இன்னும் சண்டை ஓயவில்லை. நோய் முழுக்க அடங்கிவிட்டது என்று சொல்ல 2011-இல் வகுத்த விதிகளில், ‘உங்கள் நோய் இன்று எப்படி இருக்கிறது’ என்று நோயாளியே பத்துக்குப் போடும் மதிப்பெண் ஒன்றைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. வீக்கம் இல்லை, ரத்தம் சுத்தம், ஆனாலும் நோயாளி இரண்டு போட்டால், அந்த விதிப்படி அடங்கியதாகக் கொள்ள முடியாமல் இருந்தது. பழைய சேதத்தின் வலியும் மனச்சோர்வும் அந்த எண்ணில் கலந்துவிடுகின்றன என்று சிலர் அதை எடுத்துவிடச் சொன்னார்கள். 2022-இல் திருத்தியபோது வரம்பை இரண்டாக உயர்த்தினார்கள், எடுத்துவிடவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்த ஓர் எண்ணில்தான் அவர் எப்படி வாழ்கிறார் என்பது பதிவாகிறது. வழக்கமாக எண்ணும் 28 மூட்டுகளின் பட்டியலில் பாதங்கள் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாதத்தின் முன்பகுதி கூழாங்கல்லில் நடப்பதுபோல் வலித்தால், கேட்கும்வரை காத்திராமல் செருப்பைக் கழற்றிக் காட்டிவிடுங்கள்.

வீட்டில் நடப்பவற்றில் உணவுக்குத்தான் அதிகப் பேச்சு. உருளைக்கிழங்கு வாயு, புளி ஆகாது, தக்காளி ஆகாது, தயிர் ஆகாது என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் ரசமும் சோறுமாக மெலிந்து நிற்பவர்கள் உண்டு. இந்த நோயே தசையைக் கரைக்கும். பத்தியம் அதை விரைவுபடுத்தும். முடக்கத்தான் தோசை பிடித்தால் சாப்பிடலாம், எலும்பு அரிப்பை அது நிறுத்தும் என்று நம்பி மாத்திரையை விடக் கூடாது. புகைபிடித்தலோ நோயை வரவழைப்பதிலும் முற்றவைப்பதிலும் பங்குள்ளது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று. அதைப் பற்றித்தான் வீட்டில் பேச்சே இருக்காது. விரல்களை அசைத்தால் தேய்ந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். பிரிட்டனில் 490 பேரை வைத்து நடந்து 2015-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், கைகளுக்கென வகுத்த நீட்டல், வலுவூட்டல் பயிற்சிகளைச் செய்தவர்களின் கை ஓராண்டு கழித்தும் நன்றாக இயங்கியது.

எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்படுவது கல்யாணமும் குழந்தைப்பேறும். நோய் பல பெண்களுக்கு இருபதுகளிலும் முப்பதுகளிலும் வருகிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று மாத்திரையை ஒளித்துவைக்கும் வீடுகளும், கல்யாணமானதும் மொத்தமாக நிறுத்திவிடும் பெண்களும் இருக்கிறார்கள். முடக்குவாதம் உள்ள பெண் குழந்தை பெற்றுக்கொள்ளலாம். ஆனால் மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும். கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு மாதங்கள் முன்பே, பொதுவாக மூன்று மாதம், அதை நிறுத்தி, ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற பாதுகாப்பான மருந்துக்கு மாற வேண்டும். அதுவரை கருத்தடை அவசியம். கர்ப்பத்தின்போது பலருக்கு நோய் தானாகவே தணியும். ஹென்ச் கார்ட்டிசோனைத் தேடிப்போனதற்கு இந்தத் தணிவும் ஒரு தூண்டுதல். பிரசவமான சில வாரங்களில், சில மாதங்களில், அது திரும்பக் கிளம்புவது வழக்கம். பச்சைக் குழந்தையைத் தூக்கவும் பால் கொடுக்கப் பிடித்துக்கொள்ளவும் மணிக்கட்டு தேவைப்படும் நேரம் அது. பால் கொடுக்கும்போது எந்த மாத்திரை போடலாம், வீக்கம் வந்தால் யாரை அழைப்பது, ராத்திரியில் குழந்தையைத் தூக்கித் தர யார் இருப்பார்கள் என்பதையெல்லாம் ஏழாம் மாதமே மருத்துவரிடமும் வீட்டிலும் பேசி முடித்துவிட வேண்டும்.